நூறு கைகளில் கட்டிய வேட்டி

வெளிநாட்டு உதைபந்தாட்ட மைதானங்களில், ஆண்டின் ஒரு குறிப்பிட்ட வாரத்தில், ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் சட்டையில் சிவப்புக் காகிதப் பூவொன்றைக் குத்திக்கொள்வார்களாம். வாசலில் வாளி பிடித்து நிற்பவர்களும் இருப்பார்களாம். இறந்தவர்களை நினைப்பதும் இருப்பவர்களுக்குக் கொடுப்பதும் அங்கே ஒரே வாசலில் நடக்கின்றன. அண்மையில் ஒரு புத்தகத்தில் இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பூவல்ல, ஒரு வேட்டி. சின்னமாமாவின் கறுப்பு வேட்டி. அதை வெட்டியவள் நான்.

நடந்தது ஒரு மார்கழி ஞாயிறு. இதற்கு ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் பக்கத்தில் டிசம்பரையும் மார்கழி என்றுதான் சொல்வோம். பஞ்சாங்கத்து மார்கழி அதற்கு இரண்டு வாரம் பிந்தித் தொடங்கும். நான் சொல்வது டிசம்பரின் இரண்டாவது ஞாயிறு. பஞ்சாங்கப்படி அன்று இன்னும் கார்த்திகைதான். அம்மா அது சனிக்கிழமை என்கிறார். சனியாக இருக்க முடியாது. அதற்கு முந்திய இரண்டு நாளும், வெள்ளியும் சனியும், வெள்ளத்தால் எங்கள் பாதையில் பேருந்து ஓடவில்லை. ஓடியிருந்தால் அம்மா வவுனியாவுக்குப் போய்க் கறுப்புத் துணி வாங்கியிருப்பார், எனக்கும் இதை எழுத வேலை இருந்திருக்காது.

எங்கள் ஊர் ஓமந்தையிலிருந்து மேற்கே உள்ளுக்குப் போகவேண்டும். போர் முடிந்து திரும்பி வந்து குடியேறிய பிறகு நாங்கள் கண்ட ஐந்தாவது மழைக்காலம் அது. நான் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து பெறுபேறும் வந்துவிட்டதால், வீட்டில் எனக்குப் பெரிய மனுஷி அந்தஸ்து கிடைத்திருந்தது. கத்தரிக்கோலைத் தொட அனுமதி கிடைத்ததும் அதனால்தான்.

சின்னமாமா அம்மாவின் கடைசித் தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே நின்று அவர் பேசும் பேச்சுக்காகவே பெண்கள் மைதானத்தின் மற்றப் பக்கத்தில் போய் இருப்பார்கள். அப்படிப்பட்டவர் அந்த வருடம் பஞ்சாங்கக் கார்த்திகை முதலாம் திகதி ஐயப்பனுக்கு மாலை போட்டார். முதல் தடவை. ஊரில் எல்லோருக்கும் ஆச்சரியம். அம்மாவுக்கு அதைவிட அதிகம்.

மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிடவேண்டும். அவரும் மற்ற எல்லோரையும் சாமி என்றுதான் சொல்லவேண்டும். அதுவரை "டேய்" என்று கூப்பிட்ட தம்பியை அம்மா மரியாதையாகக் கூப்பிடப் பழகினார். கோபம் மட்டும் மரியாதை பழகவில்லை.

"சாமி, சேத்துக்காலோட உள்ளுக்கு வராதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது சாமிக்கு? சாமியின்ர கண் என்ன பிடரியிலயோ இருக்கு?"

"பிழைதான் சாமி, மன்னியுங்கோ" என்பார் சின்னமாமா. முதல் வாரத்தில் நாயையும் சாமி என்றார். குசினிக்குள் புகுந்த கோழியையும் "போங்கோ சாமி" என்று கலைத்தார். விடியக் கிணற்றில் முழுகி, தானே சமைத்து, ஒருநேரம் சாப்பிட்டு, பாயில் படுத்தார். அவரிடம் இரண்டு கறுப்பு வேட்டிகள் இருந்தன. ஒன்று இடுப்பில் இருக்கும். மற்றது முன் விறாந்தைக் கொடியில் காயும், அல்லது அந்த மழையில் காய முயலும்.

மாலை போட்டவர் இன்னொன்றும் செய்யக்கூடாது. செத்தவீட்டுக்குப் போகக்கூடாது. துக்கம் சம்பந்தப்பட்ட எதிலும் கலந்துகொள்ளக்கூடாது. கலந்தால் விரதம் கெட்டது, மாலையைக் கழற்றவேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்கியது. ஏனென்றால் அந்த ஞாயிறு நடக்கவிருந்தது நினைவு ஆட்டம். அதை ஒழுங்குசெய்தவர் சின்னமாமா.

இறந்தவரை ஊர் முழுக்க "இடக்காலன்" என்றுதான் கூப்பிட்டது. உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். எங்கள் அணியில் இடது பக்கம் ஓடுவார். வலது காலால் பந்தைத் தொட்டால் அது எங்கே போகுமென்று அவருக்கே தெரியாது, இடது காலால் அடித்தால் எதிரணியில் கோல் காப்பவருக்குத் தெரியாது. சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடம் கிளினிக்குக்கு அலைந்து, புரட்டாதிக் கடைசிச் சனியன்று இறந்தார். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குக் கூரை போட்டிருந்தார். கதவும் யன்னலும் போடவில்லை. போட வேண்டிய இடங்களில் உரப்பைகளைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த மழைக்காலத்தில் அவருடைய மனைவியும் மகளும் அந்தப் பைகளுக்குப் பின்னால் இருந்தார்கள். கதவுக்கும் யன்னலுக்கும் காசு சேர்க்கத்தான் அந்த ஆட்டம். பூவரசங்குளம் பக்கத்திலிருந்து ஓர் அணி வருவதாகச் சொல்லியிருந்தது.

நினைவு என்ற சொல் அறிவித்தலில் இருந்தால், யாருடைய நினைவு என்று கேட்க அந்த நாள்களில் ஆட்கள் இருந்தார்கள். போரில் இறந்தவர்களை நினைக்கும் கார்த்திகையென்றால் இரண்டுதரம் கேட்பார்கள். அதனால் சின்னமாமா இடக்காலனின் மரணச் சான்றிதழைப் பிரதி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் திரிந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் நீட்டினார். "வருத்தம் வந்து செத்தவர் சாமி. கிட்னி வருத்தந்தான் சாமி."

கறுப்புப் பட்டி யோசனையும் அவருடையதுதான். ஆடுகிறவர்கள் துக்கத்துக்காக எப்படியும் கையில் கட்டுவார்கள். பார்க்க வருகிறவர்களும் காசுப் பேணிக்குள் ஏதாவது போட்டால் அவர்கள் கையிலும் ஒரு பட்டியைக் கட்டிவிடவேண்டும். "வெறுங்கையோட நிக்கிறவனுக்கு வெக்கம் வரும் சாமி, அவனும் போடுவான்" என்றார். வெட்டுவது, கட்டுவது, காசுக்குப் பால்மாத் தகரப் பேணியைப் பிடிப்பது மூன்றும் என் பொறுப்பு.

எல்லாம் ஒழுங்காக்கிய பிறகுதான் மாலை போட்டவர் அங்கே வரலாமா என்ற கேள்வி எழுந்தது. அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் குருசாமி. ஏழுமுறை மலைக்குப் போனவர், அந்த வருடம் எங்கள் ஊரிலிருந்து போக இருந்த ஆறு பேருக்கும் தலைவர். வேலையில் இருந்த காலத்தில் பேருந்து நடத்துநர். ஓய்வு பெற்ற பிறகும் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் நின்றால் "உள்ளுக்கு நடவுங்கோ" என்று சொல்லிவிடுவார். அவருக்கு விரதமும் முக்கியம், உதைபந்தாட்டமும் முக்கியம். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால், அதற்கு அப்பால் குளத்துக்குப் போகும் வீதி. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நினைவு நிகழ்வு. அந்தப் பக்கம் வீதி.

"வீதி பொது இடம் சாமி. நாங்கள் வீதியில நிக்கிறம். கண் எங்க பாக்குதோ அது கண்ணின்ர பாடு."

ஞாயிறு காலை மழை விட்டது. அம்மா சமைத்ததை எடுத்துக்கொண்டு இடக்காலனின் மனைவியைக் கூட்டிவரப் போனார். போகும்போது தையல் பெட்டியிலிருந்த இரண்டு யார் அளவு கறுப்பு உட்துணியை எடுத்துத் தந்தார். இரண்டு அணிக்கும் மத்தியஸ்தர்களுக்கும் வெட்டி முடிக்க, கூட்டத்துக்கென்று பதினான்கு பட்டி மிஞ்சியது. வரப்போகிறவர்களோ நூறுக்கு மேல். பதினான்கு பேர் கட்டிக்கொண்டு மற்றவர்கள் வெறுங்கையோடு நின்றால், இத்தனைக்கும் பொறுப்பானவள் என்ற முறையில் வெட்கப்பட வேண்டியவள் நான். நிமிர்ந்து பார்த்தேன். விறாந்தைக் கொடியில் வேட்டி தொங்கியது.

முழுவதையும் வெட்டும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை, இதை உறுதியாகச் சொல்வேன். ஒரு சாண் மட்டும். ஒரு சாண் குறைந்த வேட்டியும் வேட்டிதான். ஆனால் ஈரத்துணி நேராக வெட்டுப்படாது. கோணலைச் சரிசெய்ய மற்றப் பக்கம் ஒரு சாண் போனது. அது மறுபடி கோணியது. இப்படியே சரிசெய்து வந்தபோது, கையில் இருந்தது துவாய் அளவு. கட்டமுடியாத வேட்டியை விடத் துவாய் பயன்படும்தான், ஆனால் துவாய் மாமாவிடம் இருந்தது. எனவே அதையும் வெட்டினேன். இரண்டு கரையிலும் மெல்லிய நீலக்கோடு ஓடியது. துக்கத்துக்கு நீலம் பொருந்தாது என்று அந்தத் துண்டுகளைத் தனியே எடுத்து வைத்தேன். இன்னொரு வேட்டி அவர் இடுப்பில் இருந்தது. அவருடைய கூட்டாளிக்காகத்தானே வெட்டுகிறேன், கேட்டால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கேட்காததற்குக் காரணம், அவர் அப்போது குளத்துக் கோயிலில் இருந்தார். உண்மையான காரணமும் எனக்குத் தெரியாமல் இல்லை.

மூன்று மணிக்கு மைதானம் நிறைந்தது. வீதியில் ஆறு சாமிமாரும் கறுப்பு உடுத்து, வெறுங்காலோடு, தாடியோடு, வரிசையாக நின்றார்கள். வந்த அணிக்கு யார் என்ன சொல்லியிருந்தார்களோ தெரியாது. உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து இறங்கிய அவர்களுடைய தலைவர் அந்த வரிசையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். பின்னால் பத்துப் பேரும் வர, நேரே வீதிக்குப் போய்க் குருசாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கட ஆழ்ந்த அனுதாபம் ஐயா. நல்ல விளையாட்டுக்காரன்."

"சாமி, நாங்கள் செத்தவீட்டுக்காரர் இல்லை, சாமிமார்."

"ஓம் ஐயா. விளங்குது ஐயா. மனசைத் தேற்றிக்கொள்ளுங்கோ."

பதினொரு பேரும் ஆறு பேருக்கும் கைகொடுத்தார்கள். அறுபத்தாறு கைகுலுக்கல். குருசாமி முதல் மூன்றை மறுத்தார், பிறகு கையை அவர்களிடமே விட்டுவிட்டார்.

ஒரு நிமிட மௌனத்துக்கு விசில் ஊதியபோது அவர் தன் ஆட்களை மைதானத்துக்கு முதுகு காட்டிக் குளத்தைப் பார்க்கச் சொன்னார். ஐந்து பேர் உடனே திரும்பினார்கள். சின்னமாமா மட்டும் கொஞ்சம் பிந்தித் திரும்பினார். துக்கம் தாங்காமல் முகத்தை மறைக்கிறார்கள் என்று வந்தவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

ஆட்டம் தொடங்கியது. நான் பேணியோடு கோட்டைச் சுற்றி வந்தேன். போட்டவர்கள் கையை நீட்டினார்கள், நான் கட்டினேன். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று சிலர் திருப்பிப் பார்த்தார்கள். மைதானக் கொட்டகையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த இடக்காலனின் மனைவிக்கும் கட்டினேன். அவர் அந்தத் துணியை விரலால் கொஞ்ச நேரம் தடவினார். "ஈரமாக் கிடக்கு பிள்ளை" என்றார். "மழைதானே அன்ரி" என்றேன்.

இடையில் வீதியிலிருந்து சின்னமாமாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கமான குரல்தான். சொற்கள்தான் விரதம்.

"சாமி, பந்தை வைச்சுப் பூசை செய்யாதையுங்கோ, அடியுங்கோ சாமி! மத்தியஸ்தர் சாமி! அது உங்களுக்குத் தெரியேல்லையோ சாமி? சாமிக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கோ சாமி!"

பெண்கள் அன்று மைதானத்தின் இரண்டு பக்கமும் இருந்து ஆட்டம் பார்த்தார்கள்.

இடைவேளையில் ஆளுக்கு ஒரு கோல். என் கையில் நான்கு பட்டிகள் மிஞ்சியிருந்தன, நீலக்கரை போட்டவை. அப்போதுதான் சின்னமாமாவுக்குக் கட்டவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஊரில் இடக்காலனோடு அதிகம் திரிந்தவர் அவர். எல்லோர் கையிலும் இருக்க அவர் கை வெறுமையாக இருப்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. வாய்க்காலைப் பாய்ந்து கடந்தேன்.

"மாமா, கையை நீட்டுங்கோ."

"சாமிக்குக் கட்டக்கூடாது சாமி. அங்கால போங்கோ."

"நில்லுங்கோ" என்றார் குருசாமி. அவர் பட்டியைத் தொடவில்லை. குனிந்து, பழைய சீசன் ரிக்கற்றைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இந்த நீலக்கரை எங்கட வேட்டிக்கரை. ஆறு சோடி நான்தான் எடுத்துத் தந்தனான். இது எங்கால பிள்ளை?"

சின்னமாமா தன் இடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தார். இடைவேளைக்குக் கச்சான் கடலை வாங்கவும் தேத்தண்ணிக்கும் நூறு கறுப்புக் கைகள் அங்குமிங்கும் போய்வந்துகொண்டிருந்தன.

"எத்தினை துண்டு?" என்று கேட்டார்.

"நூற்றிப் பதினெட்டு" என்றேன். கணக்கில் அப்போதே நான் துல்லியமானவள்.

குருசாமிக்கு முகம் இருண்டது. மாலை போட்டு அன்றைக்கு இருபத்தெட்டாம் நாள். தை பிறக்கமுன் பயணம். விரத வேட்டி துக்கப் பட்டியாக ஊர்க் கையெல்லாம் ஏறிவிட்டது. இனி என்ன செய்வது? அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடைசிப் பேருந்து போய்விட்டதென்று சொல்வதுபோல, வருத்தமாகச் சொன்னார்.

"மாலையைக் கழட்டுங்கோ சாமி. குளத்தில மூழ்கிப்போட்டு வீட்டை போங்கோ. புதுசாப் போட்டு எண்ண நாள் காணாது. அடுத்த வருசம் பாப்பம்."

வரிசையின் கடைசியில் நின்ற இளம் சாமி மெதுவாகக் கேட்டார். "அப்ப நாங்கள் பாத்த ரெண்டு கோலும் தீட்டோ சாமி?"

"வாயை மூடுங்கோ சாமி."

சின்னமாமா வாதாடவில்லை. மத்தியஸ்தரோடு அரை மணி நேரம் வாதாடக்கூடியவர், கழுத்து மாலையில் கையை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. அவர் என்னை ஏசியிருந்தால் நான் அழுதிருக்கமாட்டேன்.

"நான்தான் வெட்டினனான்! மாமாவுக்குத் தெரியாது! நான்தான்!"

என் சத்தத்தில் ஆட்கள் வாய்க்கால் கரைக்கு வந்துவிட்டார்கள். அம்மா வந்தார். என்ன நடந்ததென்று கேட்டு முடிக்கமுன்னரே அவருடைய கை என் முதுகில் விழுந்தது. "சாமிக்கு வைச்ச துணியையோடி வெட்டினனி? கத்தரிக்கோலைக் குடுத்த என்னைச் சொல்லவேணும்." இரண்டாவது அடி விழவில்லை. கொட்டகையிலிருந்து இடக்காலனின் மனைவி எழுந்து வந்துகொண்டிருந்தார். ஆட்கள் வழிவிட்டார்கள். அவர் வாய்க்காலைக் கடக்கவில்லை. சாமிமாருக்குக் கிட்டப் போகக்கூடாதென்று அவருக்குத் தெரியும். மைதானத்துப் பக்கக் கரையில் நின்றபடி பேசினார். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத குரல்.

"ஐயா, ஒண்டு சொல்லவேணும். அந்த மாலை ஆருக்காகப் போட்டதெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

குருசாமிக்குத் தெரியவில்லை.

"ரெண்டு வருசமா எங்கட ஆளைக் கிளினிக்குக்குச் சைக்கிளில ஏத்திக்கொண்டு போய் வந்தது இவர்தான். கடைசித் தரம் வாட்டில விட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிண்டு நேர்ந்தவர். ஆள் எழும்பினால் மலைக்கு வாறன் எண்டு. ஆள் எழும்பேல்ல. எழும்பாட்டியும் போட்டவர். அதைக் கழட்டச் சொல்லுறதெண்டால் என்னட்டையும் ஒருக்காக் கேட்டுட்டுச் சொல்லுங்கோ."

குருசாமி சின்னமாமாவிடம் திரும்பினார்.

"ஏன் சாமி எனக்குச் சொல்லேல்ல?"

"எழும்பினால் எண்டுதான் நேர்ந்தனான் சாமி" என்றார் சின்னமாமா, நிலத்தைப் பார்த்தபடி. "எழும்பேல்ல. பேந்து என்னெண்டு சொல்லுறது?"

குருசாமி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். மழை பெய்யவில்லை. பிறகு என் முன்னால் குந்தினார். அன்றைக்கு அவர் என்னிடம் கேட்ட கேள்விகளின் ஒழுங்கு இன்றும் நினைவிருக்கிறது. ஏனென்றால் பெரியவர் ஒருவர் என் பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளை, பொய் சொல்லக்கூடாது. நீ வெட்டேக்க வேட்டி எங்க கிடந்தது?"

"கொடியில."

"அவற்ர இடுப்பில இல்லை."

"இல்லை."

"தோய்ச்சதோ, தோய்க்காததோ?"

"தோய்ச்சது. ஈரமாக் கிடந்தது. அதுதான் கோணலா வெட்டுப்பட்டது."

"ஈரம்." அவர் எழுந்தார். குரலில் பழைய நடத்துநர் திரும்பி வந்திருந்தார். "எல்லாரும் கேளுங்கோ. இடுப்பில கிடந்தால்தான் அது சாமி வேட்டி. கொடியில கிடந்தால் அது துணி. தண்ணி வேற கண்டிட்டுது. பிள்ளை வெட்டினது துணியை. பேணிக்குள்ள விழுந்தது தருமம். தருமத்தில தீட்டில்லை." சாத்திரத்தில் இது எங்கே இருக்கிறதென்று யாரும் கேட்கவில்லை. பின்னர் பல புத்தகங்களில் தேடினேன், எங்கும் இல்லை. "ஆனால் சாமி, மனசில தீட்டு இருந்தால் அதுக்கு நான் பொறுப்பில்லை. குளத்தில மூண்டுதரம் மூழ்கிப்போட்டு வாங்கோ. கெதியா. ரெண்டாம் பாதி தொடங்கப்போகுது."

சின்னமாமா ஓடினார். குளக்கட்டில் ஏறி, வேட்டியோடும் மாலையோடும் தண்ணீருக்குள் இறங்கினார். மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு அணியும் காத்திருந்தன. முதலாவது முழுக்குக்கும் இரண்டாவது முழுக்குக்கும் இடையில் அவ்வளவு நேரம் இல்லை. மூன்றாவது முழுக்கில் அவர் தண்ணீருக்குள்ளேயே நெடுநேரம் இருந்தார். அம்மா "டேய்" என்று கத்தியேவிட்டார். அவர் எழுந்து, முகத்தை இரண்டு கையாலும் வழித்தபடி வந்து, வரிசையில் தன் இடத்தில் நின்றார். வேட்டியிலிருந்து தண்ணீர் வீதியில் ஓடி வாய்க்காலில் விழுந்தது. குருசாமி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, என் பேணிக்குள் தானே போட்டார். நான் பட்டியை நீட்டவில்லை. அவர் "வேண்டாம்" என்று சொல்லவுமில்லை.

இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் இரண்டு கோல் அடித்தார்கள். இரண்டாவதை அடித்தவன் இடது காலால் அடித்தான். அவனுக்கு இடது கால் பழக்கமே இல்லை. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. மைதானம் முழுக்க எழுந்து கையைத் தூக்கியபோது, சின்னமாமாவின் வேட்டியும் நூற்றிப் பதினான்கு துண்டுகளாக மேலே எழுந்தது.

திரும்பும்போது சின்னமாமா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி ஏற்றிவந்தார். இன்னும் ஈரமாகத்தான் இருந்தார். வெள்ளம் வடியாத இடங்களில் இறங்கி உருட்டினார். இரண்டு பக்கமும் வயல். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்டால் இன்னோர் அடி விழுமோ என்ற பயமும் இருந்தது. விரதம் முடிந்தபிறகு கேட்டால் நிச்சயமாக விழும் என்பதால் அப்போதே கேட்டேன்.

"மாமா."

"சொல்லுங்கோ சாமி."

"நேர்ந்தது அவர் சுகமாக வேணும் எண்டுதானே?"

"ஓம்."

"அவர் செத்துப்போனார்தானே. சாமி ஒண்டும் செய்யேல்லத்தானே. பேந்து அவ்வளவு தூரம் போய் என்னத்தைக் கேக்கப்போறியள்?"

சைக்கிள் சில்லு சேற்றில் இழுபட்டது. அவர் மிதித்து வெளியே எடுத்தார்.

"கேக்கப் போகேல்ல சாமி."

"பின்னை?"

"சொல்லிப்போட்டு வரத்தான்."

"என்னத்தை?"

அவர் இறங்கிச் சைக்கிளை அடுத்த வெள்ளத்துக்குள்ளால் உருட்டினார். எனக்கு அது ஒரு பெரிய புதிராகவும் படவில்லை. மூன்றுக்கு ஒன்று என்ற முடிவைத்தான் சொல்லப்போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு தூரம் போய்ச் சொல்லத்தக்க முடிவுதான் அது. போகும் வழியில் மறந்துவிடுவாரே என்று, எந்தக் கோலை யார் அடித்தது, எந்தப் பாதியில், எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது என்று வீடு வரும்வரை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சின்னமாமா ஒவ்வொன்றுக்கும் "ஓம் சாமி" என்றார்.